வெடிக்காத கேஸ்கெட்

அவர் காணாமல் போய் இருநூற்றுப் பதினேழு மணி நேரம் ஆகிவிட்டது.

கணக்கு அவருடைய மகளுடையது. ஒன்பது நாள் என்று சொன்னால் கேட்பவர்கள் "வந்துடுவார்" என்றார்கள். மணிக்கணக்கில் சொன்னால் ஒரு நொடியாவது நிமிர்ந்து பார்த்தார்கள். காவல் நிலையத்தில் அதுவும் பலிக்கவில்லை. காலை பதினொரு மணிக்கு மனைவியோடு சண்டை, கோபித்துக்கொண்டு வெளியேறினார், வயது அறுபத்தெட்டு. அம்மா சொன்ன இவ்வளவையும் எழுதிக்கொண்டு, கோபம் தணிந்தால் திரும்பி வருவார் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அப்படிக் கோபித்துக்கொண்டு போனவர்களை அவர்கள் தேடுவதில்லை.

அதனால்தான் அவள் சர்வேயரம்மாவிடம் வந்தாள்.

சர்வேயரம்மா வெகுகாலம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நசுங்கிய வண்டிகளைச் சுற்றி வந்து, நடந்தது நிஜ விபத்தா, ஜோடித்ததா என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது வண்டிகளுக்குப் பதில் மனிதர்கள். கூப்பிடும் பெயர் மட்டும் மாறவில்லை. அவருடைய உதவியாளனை எல்லோரும் ஊசி என்பார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, வாயைப் பார்த்து வைத்தது.

"முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன்மா," என்றார் சர்வேயரம்மா. "இவ்வளவு நாள் ஆன கேஸ்ல நான் காரணத்தைக் கண்டுபிடிச்சிருக்கேன். ஆளைக் கண்டுபிடிச்சது ரொம்பக் கம்மி."

"தெரியும் மேடம். விசாரிச்சேன்."

"தெரிஞ்சும் வந்திருக்கீங்க."

"வேற யாரும் வரமாட்டேன்னுட்டாங்க."

ஊசி ஏதோ சொல்ல வாயெடுத்தான். சர்வேயரம்மா ஒரு பார்வை பார்த்தார். அவன் மூடிக்கொண்டான்.

*

சந்தின் கடைசி வீடு. பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஷெட். நான்கு நாள் பெய்த மழையில் வாசல் மண் குழைந்து கிடந்தது.

காணாமல் போனவரின் மனைவி சமையலறை ஜன்னலிலிருந்தே பேசினார். வெளியே வரவில்லை.

"பாத்துக்குங்க. ஆனா எதையும் இடம் மாத்திடாதீங்க. அவர் வந்தா திட்டுவார்."

"சரிம்மா," என்றார் சர்வேயரம்மா.

உள்ளே வெளிர்நீலக் கார் ஒன்று பானெட்டைத் திறந்தபடி நின்றது. மகளைவிட மூன்று வயது மூத்தது.

"எனக்கு அண்ணன் மாதிரி மேடம் இது," என்றாள் மகள். "வீட்ல முதல் சலுகை எப்பவும் இதுக்குத்தான்."

"அண்ணனுக்கு என்ன உடம்புக்கு?" என்றான் ஊசி.

"போன மாசம் போற வழியில கொதிச்சு நின்னுடுச்சாம். ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுன்னு அப்பாவே கழட்டிட்டார். அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல டெக்னீஷியனா இருந்தவர். வண்டியை ஒரு நாளும் வொர்க்‌ஷாப்ல விட்டதில்ல. திரும்ப மாட்டி முடிக்கல. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு அம்மா சொல்லியிருக்காங்க. அதுலதான் சண்டை."

ஹெட் கேஸ்கெட் என்பது பெரிய மர்மம் எதுவும் இல்லை. எஞ்சினின் உடம்புக்கும் மேல்மூடிக்கும் நடுவில் படுத்திருக்கும் ஒரு தகடு. உள்ளே எரியும் நெருப்பையும், ஓடும் தண்ணீரையும், எண்ணெயையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் வைப்பது அதன் வேலை. அது எங்காவது எரிந்து ஓட்டை விழுந்தால் எல்லாம் கலந்துவிடும். வண்டி கொதிக்கும், பின்னால் வெள்ளைப் புகை கக்கும்.

சர்வேயரம்மா இதைச் சொன்னதும் ஊசி தலையாட்டினான். "புரியுது மேடம். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல படுத்திருக்கிற புருஷன். அவன் புகைஞ்சா வீடே புகையும்."

எஞ்சினின் மேல்மூடி, அதாவது ஹெட், மேஜைமேல் பழைய போர்வையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, எது எங்கிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே செருகப்பட்டிருந்தன. கழற்றிய கேஸ்கெட் பக்கத்தில் கிடந்தது. சர்வேயரம்மா கைக்குட்டையால் அதைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

"ஊசி, ஓட்டை எங்கே?"

"நாலு பெரிய ஓட்டை இருக்கே மேடம். சின்னது எண்ண முடியல."

"அதெல்லாம் இருக்க வேண்டிய ஓட்டை. இருக்கக் கூடாத ஓட்டை எங்கே?"

அவன் குனிந்து பார்த்தான். நான்கு பெரிய வட்டங்களைச் சுற்றியும் உலோக வளையங்கள் முழுதாக இருந்தன. கருகல் இல்லை, அரிப்பு இல்லை. ஓரத்தில் அச்சடித்த எண் கூட அழியவில்லை.

"இது வெடிச்ச கேஸ்கெட் இல்ல," என்றார் சர்வேயரம்மா. "ஆனா புதுசும் இல்ல. வளையம் நசுங்கியிருக்கு பாரு. ஒரு தடவை மாட்டி இறுக்கியிருக்காங்க. எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியிருக்கு. அதுக்கப்புறம் கழட்டியிருக்காங்க."

மகள் கிட்டே வந்தாள். "அப்போ அப்பா வேலையை முடிச்சுட்டாரா?"

"முடிச்சிருக்கார். நல்லாவே முடிச்சிருக்கார்."

"முடிச்ச வேலையை யார் கலைச்சது?"

ஊசிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "மேடம், இது பழைய தந்திரம். வண்டி ஓடுற நிலைமையில இருந்திருக்கு. யாரோ அதுல அவரைக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. திரும்பி வந்து எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டு, இந்த வண்டியா, இது ஒரு மாசமா அறுத்த வயித்தோட கிடக்குன்னு சொல்லியிருக்காங்க. எவன் சந்தேகப்படுவான்?"



"அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும்," என்றாள் மகள் மெதுவாக.

சர்வேயரம்மா தரையில் உட்கார்ந்தார். பின் சக்கரத்திலிருந்து சுவர் வரை ஒரு சிலந்தி வலை. காய்ந்த பூச்சிகள் ஒட்டி, தூசியில் நூல்போல் கனத்துப்போன வலை. அதில் ஒரு இழை கூட அறுந்திருக்கவில்லை.

"உன் கதையை இந்த எட்டுக்கால் ஒத்துக்கல ஊசி. பல மாசமா இந்தச் சக்கரம் ஒரு அங்குலம் நகரல. இந்த அண்ணன் போன மாசம் எந்த வழியில கொதிச்சு நின்னார்?"

நான்கு டயர்களும் தரையோடு தரையாகச் சப்பிக் கிடந்தன. ஒன்றில் காற்று நிரப்பும் இடத்தின் மூடியைத் திருகிப் பார்த்தார். உள்ளே காற்றை அடைத்து வைக்கும் ஊசிமுனை இல்லை. எழுந்து மற்ற மூன்றையும் பார்த்தார். எதிலும் இல்லை.

"காத்து தானா இறங்கல. வால்வு பின்னை உருவி எடுத்திருக்காங்க."

"எஞ்சின் ஓடலாம், வண்டி ஓடக்கூடாது," என்றான் ஊசி. "எங்க ஹவுஸ் ஓனர் எனக்குப் போட்ட கண்டிஷன் மாதிரி இருக்கு. டிவி பாக்கலாம், சத்தம் கேக்கக் கூடாது."

சர்வேயரம்மா அட்டையிலிருந்து ஒரு போல்ட்டை உருவி விரல்களில் உருட்டினார். அதன் கழுத்துப் பகுதி மற்ற இடத்தைவிட மெலிந்து, லேசாக இழுபட்டிருந்தது. ஹெட் போல்ட்டுகளை இறுக்கும்போது அவை கொஞ்சம் நீளும். அதே போல்ட்டை மறுபடி மறுபடி இறுக்கினால்தான் கழுத்து இப்படி மெலியும். சரியாகச் செய்கிறவர்கள் புது போல்ட்டு போடுவார்கள்.

"எத்தனை தடவை மேடம்?"

"அதை போல்ட்டு சொல்லாது."

அவர் அதை எடுத்த ஓட்டையிலேயே செருகினார். கேஸ்கெட்டை மட்டும் மகளிடம் கேட்டு ஒரு பையில் எடுத்துக்கொண்டார்.

வெளியே வரும்போது கதவைச் சாத்தியவர் அப்படியே நின்றார். கதவின் உச்சியில், கை எட்டுவதற்கே எக்க வேண்டிய உயரத்தில், ஒரு புதுத் தாழ்ப்பாள். வெளிப்பக்கம்.

"திருட்டு பயமா இருக்கும்," என்றாள் மகள்.

"பூட்டு மாட்ட வளையமே இல்லையேம்மா. வெளியே இருக்கிறவன் எக்கித் தள்ளினா திறந்துக்கும்." சர்வேயரம்மா தாழ்ப்பாளை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். "உள்ளே இருக்கிறவனாலதான் முடியாது."

மகளின் முகம் வெளுத்தது. அவள் சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் யாரும் இல்லை.

*

பழைய வண்டிகளுக்குச் சாமான் விற்கும் கடை அந்த வட்டாரத்தில் ஒன்றுதான் இருந்தது. கூரை வரை அட்டைப் பெட்டிகள். நடுவில் கிடைத்த கொஞ்ச இடத்தில் கடைக்காரர் பெல்ட்டுகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"போலீஸா?" என்றார்.

"இல்லண்ணே," என்றான் ஊசி. "போலீஸ்னா எங்களுக்கு ஜீப் இருக்கும். பஸ்ல நசுங்கி வந்திருக்கோம், சட்டையைப் பாருங்க."

சர்வேயரம்மா கேஸ்கெட்டை எடுத்து வைத்தார். கடைக்காரர் ஓரத்து எண்ணைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"வெளிர்நீலக் கார். இந்த ஊர்லயே இதை வாங்குற ஒரே வீடு. அந்த அம்மாவுக்காகத்தான் நான் இதை வரவழைக்கிறேன்."

"அம்மாவா? ஐயா வரலையா?"

"ஐயாவை நான் பாத்தே வருஷத்துக்கு மேல ஆச்சு. அம்மாதான் வருவாங்க. மாசத்துக்கு ஒண்ணு. சில மாசம் ரெண்டு."

மகள் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். "மாசத்துக்கு ஒண்ணா?"

"ஆமாம்மா. ஒரு கேஸ்கெட் மாட்டினா எத்தனையோ வருஷம் ஓடும். நானும் சொல்லிப் பாத்தேன். ஹெட்டு வளைஞ்சிருக்கும், கொண்டாங்க, அடிமுகத்தைச் சீவி மட்டம் பண்ணித் தர்றேன்னேன். ஹெட்டு நல்லாத்தான் இருக்குன்னாங்க. பழைய கேஸ்கெட்டைக் கொண்டாங்க, எங்க எரிஞ்சிருக்குன்னு பாக்கலாம்னேன். அது நல்லாத்தான் இருக்குன்னாங்க. அப்போ எதுக்கும்மா திரும்பத் திரும்ப வாங்குறீங்கன்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவருக்கு வேணும்னாங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல கேக்கிற மாதிரி அவங்க முகம் இல்ல. நானும் விட்டுட்டேன்."

"கடைசியா எப்போ வந்தாங்க?" என்றார் சர்வேயரம்மா.

கடைக்காரர் யோசித்தார். "போன வாரம். செவ்வாய்க்கிழமை கடை திறக்கும்போதே வாசல்ல நின்னாங்க. கைவசம் சரக்கு இல்ல, லோடு பதினொரு மணிக்கு வரும்னேன். அந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாங்க. நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பாத்தாங்க. போயிட்டு அப்புறமா வாங்கம்மான்னா, வெறுங்கையோட போக முடியாதுன்னாங்க. பதினொன்றரைக்கு வண்டி வந்துச்சு. பாத்தா அந்தச் சாமான் வரல. அழாத குறையா எழுந்து போனாங்க."

"செவ்வாய்க்கிழமை. நல்லா ஞாபகம் இருக்கா?"

"லோடு செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வரும். அப்புறம் நானே ஆள் அனுப்பி வாங்கி வச்சேன். வெள்ளிக்கிழமை கொட்டுற மழையில வந்து வாங்கிட்டுப் போனாங்க. குடை கூட இல்ல."

வெளியே வந்ததும் ஊசி நடுத்தெருவில் நின்றான்.

"மேடம், அவர் காணாமப் போனது செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்குச் சண்டை. அந்தம்மா பதினொரு மணிக்கு இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க. ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு வீட்ல சண்டை போட, என் பொண்டாட்டியாலகூட முடியாது."

"சண்டையே நடக்கல," என்றார் சர்வேயரம்மா.

மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்போ என் மணிக்கணக்கே தப்பா மேடம்? பதினொண்ணுல இருந்துதானே எண்ணிக்கிட்டிருக்கேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊசி திடீரென்று குதித்தான்.

"அக்கா, அழாதீங்க. நல்ல விஷயம் இது. வெள்ளிக்கிழமை கேஸ்கெட் வாங்கியிருக்காங்களே, காணாமப் போனதுக்கு அப்புறம்! மாட்ட ஆள் இல்லாம யாராவது வாங்குவாங்களா? உங்கப்பா உயிரோட இருக்கார். அம்மா எங்கேயோ பத்திரமா வச்சிருக்காங்க. எதுக்குன்னு தெரியல. ஆனா இருக்கார்."

மகள் அவனைப் பார்த்தாள். ஒன்பது நாளில் முதல் முறையாக அவள் முகத்தில் ரத்தம் ஓடியது.

"நிஜமாவா?"

"அந்தத் தாழ்ப்பாள், காத்து இறக்கின டயர், எல்லாம் பொருந்துதே. அவரை எங்கேயும் போகவிடாம வச்சிருந்திருக்காங்க. இப்போ வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. மேடம், சொல்லுங்களேன்."

சர்வேயரம்மா பஸ் நிறுத்தம் வரை நடந்தார். அங்கே வந்து மகளைக் கேட்டார்.

"நீங்க அப்பாகிட்ட கடைசியா எப்போம்மா பேசினீங்க?"

"காணாமப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஞாயித்துக்கிழமை போன் பண்ணினேன். வாரா வாரம் பண்ணுவேன்."

"அப்பாகிட்ட?"

அவள் தயங்கினாள். "அம்மாதான் எடுப்பாங்க. அப்பா காருக்கு அடியில இருப்பார். கையெல்லாம் கிரீஸா இருக்கு, அப்புறம் பேசறேன்னு சொல்லச் சொன்னார்னு அம்மா சொல்வாங்க. பின்னாடி ஸ்பேனர் சத்தம் கேக்கும். சத்தம் கேட்டாலே எனக்கு நிம்மதியா இருக்கும்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"நேர்ல வரலையா?"

"ஒரு தடவை வந்தேன் மேடம். ஒரு நாள்தான் லீவு. அப்பா ஷெட்லயே இருந்தார். எட்டிப் பாத்தேன். 'வாங்க வாங்க, உக்காருங்க, இதோ வந்துடறேன்'னார்." அவள் சிரித்தாள். "பெரிய மனுஷியை வரவேற்கிற மாதிரி. அடிக்கடி வராததைக் குத்திக் காட்டறார்னு நினைச்சேன். அப்பாவுக்கு அந்தக் குசும்பு உண்டு."

ஊசியும் சிரிக்கப் போனான். சர்வேயரம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஊசி," என்றார் அவர். "இனிமே நீ கொஞ்ச நேரம் பேசாதே."

*

வீட்டுச் சமையலறை சிறியது. மேஜையில் இரண்டு தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மனைவி அவர்களைப் பார்த்ததும், எதுவும் கேட்காமல், தேநீர் போடத் திரும்பினார். அடுப்பில் திருகும் குமிழ்கள் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இரும்புத் தண்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் இடுப்பில் செருகியிருந்த ஒரு குமிழை எடுத்து மாட்டி, திருகி, பற்றவைத்தார். மறுபடி கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

சர்வேயரம்மா அதைப் பார்த்தார். பிறகு வாசல் கதவைப் பார்த்தார். அதிலும் தாழ்ப்பாள் உச்சியில் இருந்தது.

மகளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அப்பா எங்கேம்மா?"

"எனக்குத் தெரிஞ்சா..."

"பொய் சொல்லாதே. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நீ கடையில இருந்திருக்கே. சண்டையே போடல. அப்பாவை ஷெட்ல வச்சு அடைச்சிருக்கே. இப்போ எங்க ஒளிச்சு வச்சிருக்கே? சொல்லும்மா. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எங்க இருக்கார்னு மட்டும் சொல்லு."

அவள் குரலில் இருந்தது கோபம் இல்லை. ஆசை. அம்மா குற்றவாளியாக இருந்துவிட வேண்டும் என்ற ஆசை.

மனைவி அடுப்பை அணைத்தார். குமிழை மாட்டித் திருகி, மறுபடி கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார். சர்வேயரம்மா கேஸ்கெட்டை மேஜையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வாங்கினது எங்கேம்மா?"

"ரூம்ல. கட்டிலுக்குக் கீழே."

"ஆள் இல்லாதப்போ எதுக்கு வாங்கினீங்க?"

"வந்ததும் கேப்பார்."

"என்னன்னு?"

"கேஸ்கெட் வந்துச்சான்னு." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அதைத்தான் கேப்பார். சாப்பாடு கேக்கமாட்டார். தண்ணி கேக்கமாட்டார். அதை மட்டும் கேப்பார்."

"அம்மா, அவர்தான் வேலையை முடிச்சுட்டாரே," என்றாள் மகள். "மாட்டி, ஸ்டார்ட் பண்ணியிருக்காரே. மேடம் பாத்தாங்க."

"முடிப்பார். ஒவ்வொரு தடவையும் முடிப்பார். ஒரு போல்ட்டு மாறாது. நடுவுல இருந்து ஆரம்பிச்சு வெளியே வரிசையா இறுக்குவார். கை தப்பவே தப்பாது. ஸ்டார்ட் பண்ணினதும் என்னைக் கூப்பிடுவார். நான் போய் நிப்பேன். புகை வருதான்னு பின்னாடி போய்ப் பாருன்னுவார். வரலங்கன்னு சொல்வேன். அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்துல." அவர் கேஸ்கெட்டைத் தொட்டு, விரலை எடுத்துக்கொண்டார். "சில தடவை ரெண்டு நாள் நிக்கும் அந்தச் சந்தோஷம். சில தடவை மறுநாள் காலையிலயே எழுந்து உக்காந்து, வண்டி கொதிக்குது, ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்னு நினைக்கிறேன், வொர்க்‌ஷாப்புக்கு வேணாம், நானே மாத்திடறேன்னு சொல்வார்."

ஊசி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வண்டி யாரையும் எங்கேயும் கொண்டு போகல," என்றார் சர்வேயரம்மா, மகளிடம். "அவரை ஒரே இடத்துல உக்கார வச்சிருந்துச்சு. உங்களைப் போன்லயே திருப்பி அனுப்பிச்சு."

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டார். டாக்டர் சொன்ன அன்னிக்கே. அப்போ அவருக்கு எல்லாம் புரிஞ்சுது. குழந்தைக்குத் தெரியக்கூடாது, அவ வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டு வேலையை விட்டுடுவான்னார்." அவர் மகளின் கையைப் பிடிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டார். "அதுக்கப்புறம் அந்தச் சத்தியத்தையே அவர் மறந்துட்டார். நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"செவ்வாய்க்கிழமை?"

"ஹெட்டைக் கழட்டிட்டார். புது கேஸ்கெட் இல்ல. இல்லன்னா அவருக்குக் கை பதறும். கடைக்கு ஓடிப் போய் வாங்கிட்டு வந்துடலாம்னு ஓடினேன். தாழ்ப்பாள் போட்டேன்னுதான் நினைச்சேன். போடல. ரெண்டு தடவை முன்னாடி அப்படிப் போயிருக்கார். சாயந்தரத்துக்குள்ள சந்து முனையில பிடிச்சுடுவேன். இந்தத் தடவை ராத்திரி வரைக்கும் தேடினேன்."

"போலீஸ்ல ஏம்மா சண்டைன்னு சொன்னே?" மகளின் குரல் உடைந்தது. "சண்டைன்னு சொன்னதாலதான் யாருமே தேடல. ஒன்பது நாளா யாருமே தேடலம்மா. ஒருத்தரும்."

"கோவிச்சுக்கிட்டுப் போனார்னு சொன்னா, இன்னும் கோவம் வர்ற மனுஷன்னு அர்த்தம். அப்படி நினைக்கட்டும்னு சொல்லிட்டேன். மறுநாள் வந்துடுவார், அழிச்சுடலாம்னு. மறுநாள் வரல. அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?" அவர் ஜன்னல் வழியாக ஈரமான சந்தைப் பார்த்தார். "அப்புறம் மழை பிடிச்சுக்கிச்சு."

சர்வேயரம்மா தன் போனில் காவல் நிலையத்து எண்ணை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியதும் அதை மேஜையின் நடுவில் வைத்தார்.

"நான் சொன்னா அது ஊகம். நீங்கதான் சொல்லணும்."

"இப்போ சொல்லி என்ன ஆகப் போகுது?"

"ஒண்ணும் ஆகாம போகலாம்மா. இருந்தாலும் சொல்லணும்."

மகள் எழுந்து வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். தொடவில்லை. நின்றாள்.

மறுமுனையில் ஓர் அலுத்த குரல் எடுத்தது. மனைவி யார் பேசுவது என்று சொன்னார். எந்தப் புகார் என்று சொன்னார்.

"ஞாபகம் இருக்கும்மா, கோவிச்சுக்கிட்டுப் போன கேஸ்," என்றது குரல். "நாங்க என்ன பண்ண முடியும்? சின்னப் பிள்ளையா அவர்? ஏதாவது ஆபத்துன்னா பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேரு, விலாசம் சொல்லமாட்டாரா? ஆஸ்பத்திரி, ஸ்டேஷன், எங்க இருந்தாலும் பேரைக் கேட்டிருப்பாங்களே. சொல்லியிருந்தா எங்களுக்குத் தகவல் வந்திருக்கும். பேசாம இருக்கார்னா வேணும்னு இருக்கார்னு அர்த்தம்."

மனைவி போனைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, பின்னால் நின்ற மகளைப் பார்த்து, அவளிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"யார் கேட்டாலும் சொல்லமாட்டார். அவருக்குத் தன் பேரே தெரியாது."